சொன்னரா வரைந்த தச்சர்

1782ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள், சித்தூருக்கு அண்மையிலுள்ள நரசிங்கராயன்பேட்டையில், படைக் கூடாரங்களின் நடுவே மைசூர் ஹைதர் அலி உயிர் நீத்தார். 1780ஆம் ஆண்டு ஜூலையில் பெரும்படையுடன் கணவாய் இறங்கி வந்து ஆர்க்காட்டுச் சீமை முழுவதையும் கலக்கியவர் அவர். அவருக்குத் துணை நின்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எதிர்த்து நின்றவர்கள் ஆங்கிலேயர்கள். இடையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் உழவரும் நெசவாளரும் தச்சரும் குயவருமான நம் முன்னோர்கள். படை நடத்தியவர்களின் பெயர்களைச் சரித்திரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகத் தருகின்றன. அந்நாளில் இப்பக்கத்து ஊர்களில் தறி பூட்டியவர் எப்படி அமர்ந்தார், ஏர் செய்து கொடுத்தவர் எதைக் கையில் பிடித்தார் என்று கேட்டால் அப்புத்தகங்கள் வாய் திறப்பதில்லை.

அக்கேள்விக்கு ஒருவாறு விடை கூறும் நூலொன்று, அதே 1782ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் வெளியாயிற்று. ‘கீழை இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யாத்திரை’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மன்னரின் ஆணைப்படி 1774 முதல் 1781 வரை மேற்கொண்ட யாத்திரை என்று முகப்பிலேயே குறித்திருக்கிறது. இரண்டு பாகங்கள், 140 செப்புத்தகட்டுப் படங்கள். எழுதியவரும் படங்களுக்கு மூலச் சித்திரங்களை வரைந்தவரும் ஒருவரே. அவர் பெயர் பியேர் சொன்னரா.

சொன்னரா 1748ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். மொரீஷியஸ் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே உயர் நிர்வாகியாக இருந்த பியேர் புவாவர் இவருக்கு உறவினர். இருபது வயதில் அத்தீவுக்குச் சென்ற இளைஞர், கொமெர்சோன் என்ற தாவர நூல் வல்லுநரிடம் இலையையும் பூவையும் பறவையையும் கூர்ந்து நோக்கி வரையக் கற்றார். கிராம்பும் ஜாதிக்காயும் தேடிக் கீழைத் தீவுகளுக்குச் சென்ற கப்பலில் இவரும் போனார். பிறகு இந்தியாவுக்கு வந்தார். புதுச்சேரியே அவருடைய தமிழகத்து இருப்பிடம். சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு விஞ்ஞானிகள் இட்ட இலத்தீன் பெயரில் இன்றும் சொன்னராவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோழி நம் சேஷாசல மலைக்காடுகளிலும் கூவுகிறது. திருமலைக்கு நடந்து ஏறும் அன்பர்களில் எத்தனை பேர் அதன் குரலுக்குச் செவி கொடுத்திருப்பார்களோ!

பறவையை வரைய வந்தவர் தச்சரையும் நெசவாளரையும் ஏன் வரைந்தார்? இதற்கு அவர் வளர்ந்த காலத்தின் பிரான்சைச் சற்று நோக்க வேண்டும். பாரிஸின் சித்திரக் கழகத்தில் படங்களுக்கும் ஒரு வருணாசிரமம் இருந்தது. புராணம், சரித்திரம் ஆகியவற்றை வரைபவர் தலையாயவர். உருவப்படம் வரைபவர் அடுத்தவர். பழத்தையும் பாத்திரத்தையும் வரைபவர் கடையர். 1667ஆம் ஆண்டில் பெலிபியான் என்பவர் இவ்வரிசையை எழுத்திலேயே வகுத்துவிட்டார். இந்த வரிசையின் அடித்தட்டில் இருந்துகொண்டே உயர்ந்தவர் ஷார்தான் என்னும் ஓவியர். 1699ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் பில்லியர்ட் மேஜைகள் செய்த தச்சர். 1728ஆம் ஆண்டில் விலங்கும் கனியும் வரைபவர் என்ற தகுதியிலேயே கழகத்தில் இடம் பெற்றார். பின்னர் அவர் தீட்டியவை சமையற்கட்டும் அங்காடிக் கூடையுமே. சந்தையிலிருந்து ரொட்டி சுமந்து வந்து களைப்புடன் சாய்ந்து நிற்கும் பணிப்பெண், உண்ணும் முன் குழந்தைகளைக் கைகூப்பச் செய்யும் தாய், சோப்புக் குமிழி ஊதும் சிறுவன் ஆகியோரே அவருடைய கதாபாத்திரங்கள். கைகூப்பும் குழந்தைகளின் படத்தை 1740ஆம் ஆண்டில் பதினைந்தாம் லூயி மன்னருக்கே அவர் அளித்தார். அது இன்று லூவர் அரண்மனைக் காட்சிசாலையில் இருக்கிறது. பணிப்பெண்ணுக்குரிய கண்ணியத்தைப் பணிப்பெண்ணாகவே காட்டினார் என்பதுதான் ஷார்தானின் பெருமை. அவளை அவர் தேவதையாக்கவில்லை, கேலிப்பொருளாக்கவுமில்லை.

ஷார்தானை வாயாரப் புகழ்ந்தவர் தீதரோ என்னும் அறிஞர்; கத்தி செய்யும் தொழிலாளியின் மைந்தர். அவர் முன்னின்று வெளியிட்ட பெருங் கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் 1762 முதல் 1772 வரை வெளிவந்தன. அவற்றில் தச்சுப் பட்டறை, கண்ணாடி உலை, ஊசி செய்யும் கூடம் என ஒவ்வொரு தொழிலும், அதன் ஒவ்வொரு கருவியும் படமாயின. பட்டறையில் நிற்பவனின் கையிலும் அறிவு உண்டு என்று பிரெஞ்சுக் கற்றோர் ஏற்கத் தொடங்கிய காலம் அது. ஷார்தான் 1779ஆம் ஆண்டில் மறைந்தார். மூன்றாண்டு கழித்துச் சொன்னராவின் நூல் வெளியாயிற்று.

இனி அந்த நூலுக்குள் நுழைவோம். அதில் தெய்வத் திருவுருவங்கள் பல உள்ளன. அவை நம் நாட்டுச் சித்திரக்காரர் எழுதிய படங்களைப் பார்த்து எடுக்கப்பட்டவை என்று பார்த்த அளவிலேயே தோன்றுகிறது. தொழிலாளர் படங்கள் அப்படியல்ல. நேரில் நின்று, கருவியை உற்று நோக்கி, கை எங்கே கால் எங்கே என்று கணக்கெடுத்து வரைந்த தடயம் அவற்றில் தெரிகிறது. பாரிஸில் புவாஸோன் என்ற செதுக்குநர் அவற்றைச் செப்புத்தகட்டில் ஏற்றியபோது, நம் ஊர்த் தொழிலாளிக்குக் கிரேக்கச் சிலையின் தோளும் தொடையும் வந்து சேர்ந்துவிட்டன. அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்க்கு அத்தனை சதை ஏது? அது செதுக்குநர் பழக்கத்தின் குறை. கருவிகள் மட்டும் பிசகவில்லை.

தச்சரைப் பற்றிச் சொன்னரா எழுதியதன் சாரம் இது: இந்தியத் தச்சருக்கு இழைப்புளி, உளி, துரப்பணம், சுத்தியல், ஒருவகைக் கோடரி ஆகியவற்றைத் தவிர வேறு கருவி தெரியாது, பூமியே அவருக்குப் பட்டறைப் பலகை, பாதமே பிடிகருவி, ஐரோப்பியத் தொழிலாளி மூன்று நாளில் முடிப்பதை அவர் முடிக்க ஒரு மாதம் ஆகும். கருமாரைப் பற்றியும் இவ்விதமே. அவர் தம் உலையையும் துருத்தியையும் தூக்கிக்கொண்டு, வேலை கொடுப்பவர் வீட்டு வாயிலுக்குச் சென்று மண்ணால் அடுப்புக் கட்டி, கல்லையே பட்டடையாக வைத்துத் தொழில் செய்கிறார் என்று சித்திரித்தார்.

மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு, அந்த ‘ஒருவகைக் கோடரி’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அது கோடரி அன்று, வாய்ச்சி. கோடரியின் வாய் காம்புக்கு இணையாக நிற்கும். வாய்ச்சியின் வாய் காம்புக்குக் குறுக்கே, மண்வெட்டியைப் போல் நிற்கும். மரத்தைப் பிளக்கக் கோடரி. செதுக்கிச் சமன் செய்ய வாய்ச்சி. கைதேர்ந்த தச்சர் பாதத்தால் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலுக்கு அருகே வாய்ச்சியை வீசி, காகிதம் போன்ற சீவல் எடுப்பார். ஒரு நூலிழை தவறினால் விரல் போய்விடும். சொன்னராவின் எழுத்தில் இது குறைபாடு. மேஜை இல்லை, பிடிகருவி இல்லை, ஆகவே மந்தமான வேலை என்பது அவர் கணக்கு. அவருடைய படமோ வேறு சாட்சி கூறுகிறது. அதில் தச்சரின் உடம்பு முழுவதும் ஒரு கருவியாகிக் கட்டையின்மீது கவிந்திருக்கிறது. அங்கே நாம் காண்பது வறுமையை மட்டுமன்று, பழகிய உடலின் தேர்ச்சியையும்.

எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறு சொன்ன இந்த வேறுபாடு வெறும் ரசனை விஷயமாக நின்றிருந்தால் நாம் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. அதற்குப் பெரும் விளைவு ஒன்று உண்டாயிற்று. 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் சரித்திரம்’ என்ற நூலை வெளியிட்டார். இந்தியாவுக்கு வராதவர், இந்திய மொழி எதுவும் அறியாதவர், அவ்விரண்டும் தமக்கு நன்மையே என்று முகவுரையில் வாதாடியவர். இந்தியர் நாகரிகத்தின் தாழ்ந்த படியில் நிற்பவர் என்று நாட்டுவதற்கு அவர் திரட்டிய சான்றுகளுள், சொன்னராவின் தச்சரும் கருமாரும் உண்டு. எழுத்தை எடுத்துக்கொண்டார், படத்தை விட்டுவிட்டார். கம்பெனி உத்தியோகத்துக்குப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஹெய்லிபரிக் கல்லூரியில் மில்லின் நூலைப் பயின்று, கப்பலேறி நம் ஜில்லாக்களை ஆள வந்தார்கள். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு, 1911ஆம் ஆண்டு வரையில், சித்தூரே தலைநகரம் என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். காலைப் பிடிகருவியாகக் கொண்டவரைப் பற்றிய முடிவு ஒன்றை முன்கூட்டியே மனத்தில் எழுதிக்கொண்டு, அந்தக் கச்சேரி நாற்காலிகளில் எத்தனை பேர் வந்து அமர்ந்தார்களோ!

சொன்னராவை முற்றும் நம்புவதும் தகாது. நியூகினிக்குச் சென்றதாக 1776ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அந்தத் தீவில் அவர் கால் வைக்கவே இல்லை என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் முடிவு. பனிக்கடலைச் சேர்ந்த பென்குவின் பறவைகளை அங்கே கண்டதாகவும் எழுதிவிட்டார்! நம் நாட்டு ஓவியம் குழந்தைப் பருவத்தைத் தாண்டாதது என்றும் அவர் கருதினார். சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தில் மலர் பறிப்போரைக் கண்டிருந்தால் அப்படிக் கருதியிருப்பாரா? ஆயினும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. ‘எசூர் வேதம்’ என்று ஒரு சுவடி பிரான்சில் உலவிற்று. பேரறிஞர் வால்தேரே அதைத் தொன்மையான இந்திய நூல் என்று நம்பி, மன்னரின் நூலகத்தில் சேர்ப்பித்தார். அது வேதமே அன்று, மசூலிப்பட்டினத்துப் பாதிரியார் ஒருவர் தம் மதத்தைப் பரப்ப எழுதிய நூல் என்று 1782ஆம் ஆண்டில் அச்சிலேயே போட்டு உடைத்தவர் சொன்னரா. வால்தேர் அப்போது உயிருடன் இல்லை.

நெசவாளருக்கு வருவோம். மரநிழலில் பூட்டிய தறி, பாவு நீட்டிய தெரு, குழியில் இறங்கிய மிதிகள் இவையெல்லாம் அந்நாளைய ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தின. இவ்வளவு எளிய கருவியிலிருந்து இவ்வளவு நுண்ணிய துணி எப்படி வருகிறது என்பது அவர்களுக்கு விளங்காத புதிர். அந்தத் துணி பிரான்சையே ஒருமுறை ஆட்டிவைத்தது. நம் கரையிலிருந்து சென்ற வண்ணம் எழுதிய பருத்தித் துணிக்கு அங்கே மோகம் மிகுந்து, உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர் கூக்குரலிட, 1686ஆம் ஆண்டில் மன்னர் அத்துணிக்குத் தடை விதித்தார். 1759ஆம் ஆண்டு வரையில் தடை நீடித்தது. தடை இருந்ததனால் ஆசை குறைந்ததா? கள்ளத்தனமாக விற்பனை நடந்தது. அதன் ரகசியம் யாது என்று அறியும் ஆவலும் வளர்ந்தது. 1742ஆம் ஆண்டில் கேர்து என்ற யேசு சபைப் பாதிரியார், துணியில் வண்ணம் எழுதுவோரிடம் கேட்டறிந்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது முதலாக ஒவ்வொரு படியையும் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதியனுப்பினார்.

அந்தக் கடுக்காயும் எருமைப்பாலும் நமக்குத் தொலைவில் இல்லை. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்ரீகாளஹஸ்தி. 2022ஆம் ஆண்டில் பழைய சித்தூர் ஜில்லாவைப் பிரித்தபோது அது திருப்பதி ஜில்லாவில் சேர்ந்தது. அங்கே மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளியோ நூலோ சுற்றி, அதையே கலமாகக் கொண்டு துணியில் எழுதுகிறார்கள். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரே கறுப்பு மை. சிவப்புக்குப் படிகாரம். மங்கியிருந்த இந்தக் கலைக்கு 1950களின் இறுதியில், கமலாதேவி சட்டோபாத்தியாயர் அம்மையாரின் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டு, மறுவாழ்வு வந்தது. காளஹஸ்தித் துணியில் பெரும்பாலும் இராமகாதையும் பாரதமுமே இடம் பெறும். எழுதுபவர் தம்மையொத்த தொழிலாளியை எழுத முன்வந்ததில்லை. வாங்குபவர் கேட்டது தெய்வத்தை. கோயிலுக்கு வேண்டியதும் அதுவே.

அன்றாடத் தொழிலாளியைக் கேட்டவர்கள் வெள்ளையரே. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சையில் அந்த வேட்கைக்கேற்ற படங்கள் பெருகின. சொன்னராவைப் போல் அயலார் வந்து வரைந்தவை அல்ல இவை. நம் சித்திரக்காரர்களே காகிதத்தில் எழுதியவை. ஒவ்வொரு தாளிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கையில் தொழிற் கருவி. காலடியில் ஒரு துண்டு நிலம். பின்னால் வெறும் வானம். திருச்சிராப்பள்ளியில் அப்பிரகத் தகட்டின்மீது எழுதி விற்றார்கள். 1837ஆம் ஆண்டில் மதுரையில் உருவான தொகுதியொன்றில் 72 பேரின் படங்கள் உள்ளன. அது இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பாரிஸிலும் 1827 முதல் 1835 வரையில், புதுச்சேரி முதலிய பகுதிகளின் மக்களையும் தெய்வங்களையும் காட்டும் கல்லச்சுப் படங்கள் ‘பிரெஞ்சு இந்தியா’ என்ற பெயரில் வெளிவந்தன. கீழைமொழிப் பேரறிஞர் பர்னூப் அதற்கு உரையெழுதியவர்களுள் ஒருவர்.

இத்தாள்களில் நமக்கு மனக்குறை ஒன்று உண்டு. ஷார்தானின் பணிப்பெண் ஒருத்திதான். அவள் களைப்பு அவளுக்கே உரியது. தஞ்சைத் தாளில் நிற்பவரோ ஒரு மனிதரல்லர், ஒரு ஜாதியின் மாதிரி. வாங்கும் துரைக்கு வேண்டியது அட்டவணை. ஆகவே முகம் எல்லாம் ஒரு முகம். வரைந்தவர் பெயரோ பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆனால் அந்தக் கருவிகளைப் பாருங்கள்! பனையேறியின் இடைக்கயிறும் அரிவாளும், செட்டியாரின் தராசும் எழுத்தாணியும், குயவர் சக்கரத்தைச் சுழற்றும் கோலும் எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருக்கின்றன! முகத்தில் காட்ட இடமில்லாத கவனத்தைச் சித்திரக்காரர் கருவியில் செலுத்திவிட்டார் என்றே நாம் எண்ணுகிறோம்.

சொன்னராவின் பிற்காலம் இனிதாக அமையவில்லை. 1786ஆம் ஆண்டில் மறுபடி இந்தியாவுக்கு வந்தவர், கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாகப் பணி புரிந்தார். 1793ஆம் ஆண்டில் போர் மூண்டு ஆங்கிலேயர் அவ்வூரைப் பிடித்தபோது கைதியானார். தாயகம் திரும்ப அவருக்கு வழி பிறந்தது 1813ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே பாரிஸில் காலமானார். அதே 1814ஆம் ஆண்டில் பிரான்சின் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்த மில்லே என்ற உழவர் மகன், பின்னாளில் விதைப்பவனையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் வரைந்து உலகப் புகழ் எய்தினார்.

படங்களும் அவற்றில் உள்ள கருவிகளும் இங்கே வாழும் நம்மவர்க்குப் பிற இடத்தாரைவிட எளிதில் கிட்டும். பாரிஸ் தேசிய நூலகம் சொன்னராவின் நூலைக் கணினி வழியே எவரும் காணத் தந்திருக்கிறது. கருவிகளைக் காண நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் போகலாம்; நெசவு அங்கே பெரும்பாலும் விசைத்தறிக்கு மாறிவிட்டது என்றாலும் பாவு, ஊடை என்ற சொற்கள் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து கேட்கும். காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் இடையே மாதவமாலை என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ளவர்கள் மரத்தில் தெய்வ உருவங்களும் கதவு வேலைப்பாடுகளும் செதுக்குபவர்கள். மேஜையும் பிடிகருவியும் இக்காலத்தில் கிடைக்காதவை அல்ல. எனினும் அத்தொழிலாளர் தரையில் அமர்ந்து, கட்டையை இரு பாதங்களுக்கிடையே இடுக்கி, வேண்டும்போது பெருவிரலால் சற்றே திருப்பி, கொட்டாப்புளியால் உளியைத் தட்டுகிறார்கள். கை இரண்டும் வேலையில் இருக்க, கட்டையைத் திருப்புவது கால்தான்.